பாரடைஸ் வேலி: வருமானமும் வெயிலும்

ஊர்களின் புள்ளிவிவரங்களைப் படிப்பது எனக்கு வெகுநாள் பழக்கம். அவற்றில் மக்கள்தொகைக்கு ஓர் அட்டவணை இருக்கும், தட்பவெப்பத்துக்கு இன்னோர் அட்டவணை இருக்கும். ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல நடுவே ஒரு கோடு கிழித்திருப்பார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் மாநகரை ஒட்டியிருக்கும் பாரடைஸ் வேலி என்ற செல்வந்தர்களின் புறநகரைப் பற்றிப் படித்தபோதுதான், அந்தக் கோட்டை அழித்துவிட்டுப் படித்தால் என்ன என்று தோன்றியது.

ஃபீனிக்ஸுக்கும் ஸ்காட்ஸ்டேலுக்கும் இடையே, கேமல்பேக் மலைக்கு வடக்கே விரிந்து கிடக்கும் ஊர் இது. பரப்பளவு சுமார் 40 சதுர கிலோமீட்டர். வளர்ந்துகொண்டிருந்த பக்கத்து நகரங்கள் தங்களையும் இணைத்துக்கொண்டுவிடும் என்று அஞ்சிய குடியிருப்போர், 1961-இல் இதைத் தனி ஊராகப் பதிவு செய்துகொண்டார்கள். ஒரு மனைக்கு ஒரு வீடு, அந்த மனை ஓர் ஏக்கருக்குக் குறையக் கூடாது என்பதே அவர்கள் காக்க நினைத்த வழக்கம். ஊரின் பெரும்பகுதிக்குப் பொருந்தும் அந்த நில வகைக்கு ஆர்-43 என்று பெயர். ஓர் ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்பதிலிருந்து வந்த எண் அது. ஊரைப் பற்றிய மற்ற எண்களில் பலவற்றை இந்த ஓர் எண்ணே தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

மக்கள்தொகையைப் பாருங்கள். 2000-இல் 13,664, 2010-இல் 12,820, 2020-இல் 12,658. அதே இருபது ஆண்டுகளில் பக்கத்திலிருக்கும் ஃபீனிக்ஸ் சுமார் 13 லட்சத்திலிருந்து 16 லட்சத்தைத் தாண்டியது. சுற்றிலும் ஒரு மாநகரம் பெருத்துக்கொண்டிருக்க, நடுவிலுள்ள ஊர் மட்டும் மெல்லச் சுருங்குவதற்கு மர்மமான காரணம் எதுவும் இல்லை. ஏக்கரைப் பிரித்து அடுக்குமாடி கட்ட முடியாது. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறுகிறார்கள், பெற்றோர் அங்கேயே இருக்கிறார்கள். இடைநிலை வயது, அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் இருக்கும் வயது, ஐம்பதைத் தாண்டியிருப்பதும் இதனால்தான். இளம் குடும்பம் ஒன்று தன் முதல் வீட்டை வாங்கும் விலையில் அங்கே வீடுகள் கிடைப்பதில்லை.

இடைநிலைக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2,00,000 டாலருக்கு மேல். இத்தகைய ஊர்களில் அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் அளவுகோலே ஓரிடத்தில் நின்றுவிடுகிறது: இடைநிலை வருமானம் 2,50,000 டாலரைக் கடந்தால் உண்மையான எண்ணைத் தராமல், அந்தத் தொகைக்குப் பின்னே ஒரு கூட்டல் குறியைப் போட்டு முடித்துக்கொள்வார்கள். ஏழ்மையைக் கடைசி டாலர் வரை எண்ணுகிற அட்டவணை செல்வத்துக்கு மட்டும் ஒரு கூரை போட்டு வைத்திருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதியை ஒருவர் எங்கே கழிக்கிறாரோ அங்கேதான் அவரைக் கணக்கில் சேர்ப்பார்கள். ஜனவரியில் பகல் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பதால் வட மாநிலங்களிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வருபவர்கள் அந்த வட்டாரத்தில் ஏராளம். ‘ஸ்னோபேர்டு’ என்று அவர்களுக்குப் பெயரே இருக்கிறது. அவர்கள் இங்கே வீடு வைத்திருந்தாலும், கணக்கெடுப்பில் அது பருவகாலப் பயன்பாட்டுக்கான காலி வீடாகத்தான் பதிவாகும். வெயில் ஏறும்போது ஊரைவிட்டுப் போய்விடும் வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதற்கு அந்தக் காலி வீடுகளே ஒரு மறைமுகச் சான்று.

இனி வெயில். ஃபீனிக்ஸ் வட்டாரத்தின் அதிகாரபூர்வமான வெப்பநிலை ஸ்கை ஹார்பர் விமான நிலையத்தில் அளக்கப்படுகிறது. ஆண்டு மழை சுமார் 180 மில்லிமீட்டர், ஜூலை மாதச் சராசரி உச்ச வெப்பம் 41 டிகிரிக்கு மேல், 1990 ஜூன் 26 அன்று 50 டிகிரி என்ற எண்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. தார், கான்கிரீட், ஓடுபாதை ஆகியவற்றுக்கு நடுவே நிற்கும் கருவி சொல்வதையும், ஏக்கர் மனையில் மரநிழலில் அமர்ந்திருப்பவரின் உடல் உணர்வதையும் ஒன்றாகக் கொள்ள முடியாது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, ஃபீனிக்ஸ் பகுதியில் கோடைத் தொடக்கத்து நாள் ஒன்றில், குடியிருப்புப் பகுதியின் இடைநிலை வருமானம் 10,000 டாலர் கூடும்போதெல்லாம் தரைப்பரப்பின் வெப்பநிலை 0.28 டிகிரி குறைந்திருப்பதைக் கண்டறிந்தது. 40,000 டாலர் பகுதிக்கும் 2,00,000 டாலர் பகுதிக்கும் இந்தக் கணக்கை அப்படியே நீட்டினால் வித்தியாசம் நாலரை டிகிரி வருகிறது. இது காற்றின் வெப்பமல்ல, தரையின் வெப்பம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆயினும் தரைதான் இரவில் அந்தச் சூட்டைத் திருப்பித் தருகிறது. நிழலுக்கு மரம் வேண்டும், பாலைவனத்தில் மரத்துக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குக் கட்டணம் கட்ட வேண்டும். வருமானம் வெப்பநிலையாக மாறும் வழி அவ்வளவு எளியது.

2023 கோடையில் ஃபீனிக்ஸ் தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரிக்குக் குறையாத உச்ச வெப்பத்தைக் கண்டது. ஜூலை 19 அன்று இரவு வெப்பம்கூட 36 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. பாரடைஸ் வேலியையும் உள்ளடக்கிய மாரிகோபா கவுண்ட்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அந்த ஆண்டு வெப்பம் தொடர்பான இறப்புகள் 645. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் வீடற்றவர்கள். வீட்டுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோரின் வீடுகளில் ஏசி இருந்தும் ஓடவில்லை. வயதை மட்டும் வைத்துப் பார்த்தால் பாரடைஸ் வேலிதான் ஆபத்தான ஊர், ஏனெனில் வெப்பம் முதியவர்களைத்தான் எளிதில் வீழ்த்தும். வருமான வரிசையை அதன் அருகே வைத்ததும் அந்த ஆபத்தில் பெரும்பங்கு கரைந்துவிடுகிறது.

இந்த ஊர் தன் குடியிருப்போரிடம் சொத்து வரி வசூலிப்பதில்லை. அதன் செலவுகளில் பெரும்பங்கை ஓய்வு விடுதிகளும் அவற்றுக்கு வரும் விருந்தினர்களும் கட்டும் வரிகள் ஈடுகட்டுகின்றன. அந்த விடுதிகளில் படுக்கை விரிப்பவர்களும், ஏக்கர் மனைகளில் மரம் வெட்டி ஒழுங்குபடுத்துகிறவர்களும், நீச்சல் குளங்களைச் சுத்தம் செய்கிறவர்களும் பெரும்பாலும் வேறு பகுதிகளிலிருந்து காலையில் வந்து திரும்பிப் போகிறவர்கள். கோடையில் தோட்ட வேலை விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். அந்த ஊரின் 12,658 பேரில் அவர்கள் இல்லை.