மடியிலிருந்து இறக்கிய தலை

"என்ற மடியில இருந்தா என்ன கண்ணு ஆகிப்போகும்?" என்று, மயங்கிக் கிடந்தவரின் தலையை மடியில் வைத்திருந்த எங்கள் நூற்பு மில்லின் மூத்த ஃபிட்டர் கேட்டதற்கு, முதலுதவிப் பொறுப்பில் இருந்த நான் பதில் சொல்லவில்லை. விளக்கிச் சொல்ல அப்போது நேரமில்லை என்பதுதான் இன்றுவரை என் கட்சி. ஆனால், "விடுங்கண்ணா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்ல மட்டும் எனக்கு நேரம் கிடைத்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

மயங்கிக் கிடந்த சைடர், அதாவது நூற்பு இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் தொழிலாளி, அவருடைய நெடுநாள் தோழர். ரிங் ஃபிரேம் என்ற அந்த இயந்திரத்தின் ஓரமாக உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டதாகப் பார்த்தவர்கள் சொன்னதால், தலையிலோ கழுத்திலோ அடிபட்டிருக்குமோ என்ற கவலை எனக்கு இல்லை. என் கவலை மடியைப் பற்றியது. நினைவிழந்தவரின் தசைகள் தளர்ந்துவிடுவதால் நாக்கு பின்னோக்கிச் சரிந்து தொண்டையை அடைக்கும்; மடியிலோ தலையணையிலோ தலையை உயர்த்தி வைத்தால் கழுத்து மடங்கி, மோவாய் நெஞ்சைத் தொட்டு, அந்த அடைப்பு இன்னும் இறுகும். இது நான் வகுப்பில் படித்துவிட்டு வந்து அளக்கும் புதுக்கதை அல்ல. மல்லாந்து கிடப்பவரின் நாக்கு மூச்சுவழியை அடைக்கும் என்பதை மார்ஷல் ஹால் என்ற ஆங்கிலேய மருத்துவர், நீரில் மூழ்கியவர்களைப் பற்றி எழுதும்போது 1856-ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தியிருக்கிறார். அன்று அந்தப் பெரியவர் தோழரின் நெற்றியைத் தடவிக்கொடுத்தபடி செய்துகொண்டிருந்தது, அன்பின் பெயரால் மூச்சை நெரிக்கும் காரியம். இதை எழுதும்போதே வாக்கியம் கடுமையாக இருப்பது தெரிகிறது. ஆனாலும் அது உண்மை.

மூச்சு இருக்கிறதா என்று பார்க்கப் பத்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. பார், கேள், உணர் என்பது பாடம். ஸ்பின்னிங் பிரிவின் இரைச்சலில் 'கேள்' என்பதற்கு இடமே இல்லை. கன்னத்தை அவர் மூக்கருகே கொண்டுசென்று, கண்ணை நெஞ்சின் மேல் வைத்து, வெப்பக் காற்று படுவதையும் விலா சீராக ஏறி இறங்குவதையும் கொண்டுதான் உறுதிப்படுத்திக்கொண்டேன். அந்தச் சில விநாடிகளில் வேறெதிலும் கவனம் போகக் கூடாது. ஏனென்றால் இதயம் நின்றுபோனவருக்கும் முதல் சில நிமிடங்கள் வாயைத் திறந்து திறந்து இழுப்பது போன்ற விட்டுவிட்டு வரும் இழுப்பு இருக்கலாம்; அதை மூச்சென்று நம்பி ஒருக்களித்துப் படுக்கவைத்தால், நெஞ்சை அழுத்திக் காப்பாற்ற வேண்டியவரைச் சாக விட்டதாகிவிடும். ஆகவே பெரியவரின் பேச்சு என் காதில் ஏறவில்லை என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மையல்ல. மூச்சுச் சத்தத்தைத்தான் அந்த இரைச்சலில் கேட்க முடியவில்லை. அவர் சொன்னது தெளிவாகவே கேட்டது. காலமெல்லாம் மில்லில் கழித்தவர், இயந்திரத்தை மிஞ்சிப் பேசத் தெரிந்தவர்.

அவர் சொன்னது இதுதான்: "அவனுக்குச் சக்கரை இருக்குது கண்ணு. ராத்திரி சோறும் உங்கல. ஒரு வாய் சக்கரைத் தண்ணி ஊத்துனா எந்திரிச்சுக்குவான்."

நான் தலையை மடியிலிருந்து இறக்கினேன். என் பக்கமிருந்த கையை உடம்புக்குச் செங்கோணமாக நீட்டி, மறுகையின் புறங்கையைக் கன்னத்துக்கு அணையாகப் பிடித்துக்கொண்டு, தூரத்து முழங்காலை மடக்கி அதைப் பிடித்து என் பக்கமாக உருட்டினேன். தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, வாய் தரையை நோக்கி இருக்கும்படி வைத்ததும் எச்சில் வழிந்தது. "நுரை தள்ளுது" என்று கூட்டத்தில் யாரோ பதறினார்கள். உண்மையில், உள்ளே இறங்கி நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடியது வெளியே வருகிறது என்பதால் நிம்மதி அடைய வேண்டிய காட்சி அது. யாரோ கரைத்துக் கொண்டுவந்த டம்ளரைக் கையால் தடுத்துவிட்டேன். விழுங்கவும் இருமவும் முடியாதவரின் வாயில் ஊற்றும் தண்ணீர் எந்தக் குழாய்க்குள் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது; அந்தத் தடுப்பில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. 108 வந்தபோது, நான் வாய் திறப்பதற்கு முன்பே பெரியவர் அந்தப் பணியாளரிடம் சர்க்கரை நோயையும், மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்ததையும் சொல்லிவிட்டார். விரலில் குத்திப் பார்த்தார்கள். அளவு மிகவும் இறங்கியிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும், வண்டி புறப்படுவதற்குள்ளேயே சைடர் கண் விழித்து, ஃபிரேமை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். பெரியவர் சொல்லாதிருந்தால் நான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அந்த நேரத்தில் என் மனத்தில் மூச்சுவழி ஒன்றுதான் இருந்தது. மூச்சுக்குப் பின்னால் இருந்த ஆளை அறிந்தவர் அவர் ஒருவர்தான்.

150 தொழிலாளர்களுக்கு ஒன்று என்ற கணக்கில் முதலுதவிப் பெட்டி வைக்க வேண்டும், சான்றிதழ் பெற்ற ஒருவர் அதற்குப் பொறுப்பாக வேலை நேரம் முழுவதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றது அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். எங்கள் பிரிவுப் பெட்டியின் மேல் எழுதியிருப்பது என் பெயர். அன்று என் குரலில் இருந்த அதட்டல் பாதி அந்தப் பெயரெழுத்திலிருந்து வந்ததோ என்று தோன்றுகிறது. அதட்டாமல் சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பாரா என்பதும் தெரியாது. மன்றாடிக்கொண்டிருந்தால் அத்தனை நேரமும் கழுத்து மடங்கியேதான் கிடந்திருக்கும்.

பிற்பாடு படித்த ஒன்று என்னை இன்னும் குழப்பியது. நரம்பில் ஏற்ற வழியில்லாத அல்லது தாமதமாகும் நிலையில், சர்க்கரை குறைந்து நினைவிழந்த குழந்தைக்கு, ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் நனைத்து நாக்கின் அடியில் வைக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் குழந்தை மருத்துவக் கையேடு சொல்கிறது. அது மருத்துவமனைப் பணியாளர்களுக்கான வழிகாட்டல், குழந்தைகளுக்கானது, டம்ளரில் கரைத்து ஊற்றுவதும் அல்ல. பெரியவர் கேட்டதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நான் வாதாடலாம், வாதாடியும் இருக்கிறேன். ஆனாலும் அவர் கேட்டது அடியோடு மூடத்தனம் என்று அன்று எனக்கிருந்த உறுதி அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு இல்லை.

அடுத்த பயிற்சி வகுப்பில் அவர் கடைசி வரிசையில் இருந்தார். மயங்கியவருக்கு வாய்வழி எதுவும் தரக் கூடாது என்று நான் சொன்னதும், "சக்கரைக்காரனுக்குமுங்களா?" என்றார். அதுவரை என்னை 'கண்ணு' என்று அழைத்தவர்.

"ஆமாங்ணா, நெனப்பு தெளியற வரைக்கும் அவருக்குந்தான்."

"வண்டி வர நேரமாச்சுன்னா?"

"ஒருக்களிச்சுப் போட்டு மூச்சப் பாத்துட்டே இருக்கோணும். நின்னுட்டா நெஞ்ச அழுத்தோணும்."

அவர் மேலே கேட்கவில்லை. அன்றே வகுப்பில் ஒன்றைச் சேர்த்தேன்: ஒருவர் மூச்சைக் கவனிக்கும்போது, விழுந்தவரை நன்றாக அறிந்த இன்னொருவர் 108 தொலைபேசியைக் கையில் வாங்கி, அவருக்கு என்ன நோய், என்ன மாத்திரை, எப்போது சாப்பிட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடுதான், பயிற்சி கொடுக்க வந்த மருத்துவரும் ஒப்புக்கொண்டார். நோயாளிக்காக இதைச் சேர்த்தேனா, கடைசி வரிசையைப் பார்த்துச் சேர்த்தேனா என்று மட்டும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.