பிடாடரியில் ஒரு புள்ளி

மகனுக்குச் சிங்கப்பூர் உட்லீயில் வீவக அடுக்குமாடி வீடு (அரசு கட்டியது) கிடைத்ததும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி: "எந்தப் பக்கம்டா? எங்கம்மா படுத்திருந்த பக்கமா?"

அப்பாயி 1964இல் போனார். லூர்து அன்னை ஆலயத்தில் பூசை, பிடாடரி இடுகாட்டில் அடக்கம். அந்த இடுகாடு இருந்த மண்ணில்தான் இப்போது உட்லீயின் புது வீடுகள். கல் வெட்டிய சீனருக்குத் தமிழ் தெரியாது. தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் படம் வரைவது போல அழகாகத்தான் வெட்டியிருந்தார், ஆனால் "அம்மாள்" என்பதில் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டார். "அம்மாள" என்றே கல் நின்றது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நாங்கள் புல் பிடுங்கி, கல்லைக் கழுவி, மாலை போட்டு முடித்ததும் சித்தப்பா சட்டைப்பையிலிருந்து சின்ன பிரஷை எடுப்பார். கறுப்பு பெயிண்டில் ஒரு புள்ளி. அடுத்த நவம்பருக்குள் மழை அதைத் தின்றுவிடும். மறுபடியும் வைப்பார்.

பிடாடரி என்றால் மலாயில் தேவலோகப் பெண். நம் வித்தியாதரிதான் கடல் தாண்டி அப்படி ஆனாள். ஜொகூர் சுல்தான் அபு பக்காரின் மனைவி ஒருவருக்கு அங்கே மாளிகை இருந்தது, பெயர் அதிலிருந்து வந்தது. 1908 ஜனவரி முதல் தேதி கிறிஸ்தவர்களுக்கான இடுகாடாகத் திறந்தார்கள். பிறகு முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனிப் பகுதி. சீனச் சமூகத் தலைவர் டாக்டர் லிம் பூன் கெங்கை அங்கேதான் அடக்கம் செய்திருந்தார்கள். எங்கள் அப்பாயியும் அங்கேதான். இதைச் சொல்லிக்கொள்வதில் அப்பாவுக்கு ஒரு பெருமை.

1972இல் இடுகாட்டை மூடிவிட்டார்கள். பக்கத்து மேட்டில் மவுண்ட் வெர்னன் தகனச்சாலை 1962இலேயே வந்துவிட்டது. 2004இல் அதையும் நிறுத்திவிட்டு எல்லாம் மண்டாய் தகனச்சாலை என்று ஆனது. ஆனாலும் மவுண்ட் வெர்னனில் இறுதிச்சடங்குக் கூடங்கள் மட்டும் 2018 வரை நடந்தன. 2011இல் அப்பாவை மூன்று நாள் அங்கேதான் வைத்திருந்தோம். எங்கள் கூடத்தில் தமிழ்ச் செபமாலை, அடுத்த கூடத்தில் பிக்குகளின் மணிச்சத்தம். "அருள் நிறைந்த மரியே" சொல்லச் சொல்ல எங்கள் வாயும் அந்த மணியின் தாளத்துக்குப் போய்விட்டது. அத்தைக்குச் சிரிப்பு வந்து வெளியே எழுந்து போனார். நல்ல கூடம்தான், காப்பி மட்டும் தண்ணீர்.

இடையில் 2001இல் தோண்டுவதற்கு அறிவிப்பு வந்தது. கிறிஸ்தவக் கல்லறைகள் சுமார் 58,000, முஸ்லிம் கல்லறைகள் சுமார் 68,000. எங்கள் முறை வந்த அன்று காலை ஏழு மணிக்குப் போனோம். மேலே கித்தான் கட்டியிருந்தார்கள். முதல் இரண்டடி வேகமாகப் போனது. அப்புறம் அந்த ஆள் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் அள்ள ஆரம்பித்தார். பெட்டி இருந்த இடத்தில் மண் கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். எலும்புகள் தேநீர் நிறம். செபமாலையின் மரமணிகள் ஒன்றும் இல்லை, சிலுவை மட்டும் பச்சை பிடித்துக் கிடந்தது. அப்பா அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். கல்லை என்ன செய்வார்கள் என்று சித்தப்பா கேட்டார். உடைப்பார்கள் என்றார் அந்த ஆள்.

பெரிய மனிதர்கள் சிலரின் கல்லை மட்டும் எடுத்து நினைவுத் தோட்டம் ஒன்று அமைத்தார்கள். சரிதான், எல்லாவற்றையும் வைக்க முடியாது. ஆனாலும் அந்தப் புள்ளியில்லாத கல்லை ஒரு படமாவது எடுத்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

உட்லீ ரயில் நிலையத்தைக் கட்டி முடித்தும் எட்டு வருடம் திறக்கவில்லை. மேலே ஆளில்லையே, யார் ஏறுவார்கள்? 2011 வரை ரயில் நிற்காமல் போகும். ஜன்னலில் இருட்டு மேடை ஓடும்போது அம்மா சிலுவை போட்டுக்கொள்வார். இப்போது அங்கே பத்தாயிரம் வீடுகளுக்குத் திட்டம். 2024இல் பூங்காவும் திறந்தாயிற்று. சித்தப்பாவுக்கு மட்டும் பதில் சொல்ல முடியவில்லை. மேடு பள்ளமெல்லாம் மாறிவிட்டது, எந்த மரத்தை வைத்து இடம் சொல்வது?

அப்பாயியின் சாம்பல் இப்போது சுவா சூ காங்கில், ஒரு சின்ன மாடத்தில். போன நவம்பரில் சித்தப்பாவையும் கூட்டிப் போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பளிங்குப் பலகையில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். கடைசி எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல வெட்டியிருக்கான். சரியாத்தான் இருக்கு," என்றார். குரலில் அப்படியொன்றும் சந்தோஷம் இல்லை.