கயிற்றை உருவிய பிறகு

கயிற்றில் இறங்கத் தெரிந்தால் கேன்யனியரிங் தெரிந்த மாதிரிதான் என்ற நினைப்பு எனக்கு ஒரு மணி நேரம்தான் நீடித்தது. கேன்யன் என்னும் குறுகிய, ஆழமான பாறைப் பிளவுக்குள் கயிற்றில் இறங்கியும் நடந்தும் நீந்தியும் கீழே போவதுதான் கேன்யனியரிங். பயிற்சியின் முதல் நாள். தண்ணீரே இல்லாத பாறைச் சுவர், பன்னிரண்டு மீட்டர் இருக்கும். இரண்டு தடவை சறுக்குமரத்தில் வருவதுபோல இறங்கினேன். மூன்றாவது தடவை பாதியில் நின்றுவிட்டேன். ஹெல்மெட்டுக்கு வெளியே தொங்கிய பின்னலின் நுனி, கயிற்றோடு சேர்ந்து டிசெண்டருக்குள் போயிருந்தது.

டிசெண்டர் என்பது இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும், எட்டு வடிவ உலோகத் துண்டு. அதில் கன்னம் உரசிக்கொண்டிருக்க, தலையைத் திருப்ப முடியாமல் தொங்கினேன். என் எடை கயிற்றில் இருக்கும்வரை முடி வராது. கீழே நின்ற பயிற்சியாளர் கயிற்றின் வாலை இழுத்துப் பிடித்திருந்ததால் மேற்கொண்டு நழுவவில்லை. அதற்கு ஃபயர்மேன் பிலே என்று பெயர். அந்த நேரத்தில் பெயரா முக்கியம்!

"கத்தி வச்சிருக்கேன், முடிய அறுத்துடட்டுமா?"

"கத்தியத் தொடாதீங்க! புருசிக் எங்க?"

எடை தாங்கி விறைத்து நிற்கும் கயிற்றில் கத்தி லேசாகப் பட்டாலே அறுந்துவிடும். இது அப்புறம் தெரிந்துகொண்டது. புருசிக் என் இடுப்பில்தான் இருந்தது, அலங்காரமாக. ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள சின்னக் கயிற்று வளையம். அதைப் பெரிய கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றினால், எடை ஏறும்போது இறுகிப் பிடிக்கும், எடை விட்டால் நகரும். அதில் ஒரு கால் வளையத்தை மாட்டி எழுந்து நின்றால் டிசெண்டர் தளர்ந்துவிடும், முடியை உருவிக்கொள்ளலாம். எல்லாம் படித்ததுதான். ஒற்றைக் கையால், கழுத்து கோணிக்கொண்டு, ஒருதடவைகூடக் கட்டிப் பார்த்ததில்லை. கடைசியில் இன்னொரு கயிற்றில் ஒருவர் இறங்கி வந்துதான் என்னைத் தூக்கிவிட்டார்.

அதனால் புதிதாக வருபவர்கள் என்ன வாங்கலாம் என்று கேட்டால் நான் கடைப் பட்டியல் தருவதில்லை. முதலில் கயிற்றில் *ஏறக்* கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். முகத்தைச் சுளிப்பார்கள்.

இந்தப் பயிற்சிக்கு முன் இரண்டு வருடம் செயற்கைச் சுவரில் கிளைம்பிங் செய்திருந்தேன். அந்தத் தெனாவட்டும் இருந்தது. ஆனால் அங்கே பழகிய சில விஷயங்கள் இங்கே ஆபத்து. கிளைம்பிங்கில் விழுந்தால் அதிர்ச்சியை வாங்க இழுபடும் கயிறு வேண்டும். இங்கே அவ்வளவாக இழுபடாத ஸ்டாடிக் கயிறு. அங்கே கயிற்றின் நுனியில் முடிச்சுப் போடாமல் இறங்கினால் திட்டு விழும். அருவிக்கடியில் கொந்தளிக்கும் குளத்துக்குள் இறங்கும்போது அதே முடிச்சு உங்களைத் தண்ணீருக்குள்ளேயே கட்டிப்போட்டுவிடும். நுனி தண்ணீரைத் தொடும் அளவுக்கு மட்டும் கயிற்றை விட்டு, அதிலிருந்து அப்படியே வழுக்கி வெளியேறி நீந்த வேண்டும். அடி தெரியாத வறண்ட சரிவென்றால் முடிச்சு நல்லதுதான். என் விரல்கள் பழக்கத்தில் முடிச்சுப் போட்டுவிட்டன. பயிற்சியாளர் ஒரு வார்த்தை பேசாமல் அவிழ்த்தார்.

ஆனால் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது கயிற்றை உருவுவதுதான். மேலே பாறையோடு பிணைத்திருக்கும் ஆங்கர் வளையத்தில் கோத்த கயிற்றில் எல்லோரும் இறங்கியதும், கீழிருந்தே ஒரு பக்கத்தை இழுத்து உருவிவிடுகிறோம். அடுத்த இறக்கத்துக்கு அதே கயிறுதான். அது கைக்கு வந்ததும், வந்த வழி மூடிக்கொள்கிறது. முன்னால் வெள்ளமே வந்தாலும் போயாக வேண்டியது முன்னால்தான். அமெரிக்காவின் ஸையன் தேசியப் பூங்காவில் கீஹோல் என்றொரு கேன்யன் உண்டு, சின்னதுதான். 2015 செப்டம்பரில் திடீர் வெள்ளம் வந்து அதற்குள் இருந்த 7 பேரும் இறந்தார்கள். தலைக்கு மேல் வானம் எப்படி இருக்கிறது என்பது போதாது, அந்தப் பிளவுக்குள் வந்து வடியும் நிலப்பரப்பு முழுவதிலும் மழை உண்டா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அன்றைக்குப் போகாமல் இருப்பதுதான் ஒரே வழி.

என் முதல் கேன்யனின் கடினத் தரம் 3ஏ II. 3 என்றால் கயிறு வேண்டும், ஏ என்றால் தண்ணீர் இல்லை, இருந்தாலும் சொற்பம், II என்றால் அரை நாள். முதல் இறக்கத்தில் முதலில் இறங்கியவர் கயிறு உருவ வருகிறதா என்று கீழிருந்து இழுத்துப் பார்த்தார். விளிம்பில் ஒரு வெடிப்புக்குள் போய் மாட்டியது. மேலே கடைசியாக நின்ற நான் அதை ஓர் அடி இடப்பக்கம் நகர்த்தினேன். மறுபடி இழுத்தார், வந்தது. அந்த ஓர் அடியை நகர்த்த மேலே ஓர் ஆள் இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் இறங்கிய பிறகு பார்த்தால் யார் போய் நகர்த்துவது?

பின்னலைக் கொண்டையாக்கி ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். இரண்டு பேர் கயிற்றை இழுத்தார்கள். மறுநுனி விறுவிறுவென்று மேலே ஏறிப்போய் விளிம்புக்குப் பின்னால் மறைந்தது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு மொத்தமும் சரசரவென்று காலடியில் வந்து விழுந்தது. ஆறு பேரும் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வேடிக்கை போதும், கயித்தப் பைக்குள்ள திணிங்க" என்றார் பயிற்சியாளர்.