கணையக் கட்டி போன பிறகு வந்த சுகர்

என் கணையத்தின் வால் பகுதியில் இன்சுலினோமா என்ற சின்னக் கட்டி இருந்தது. வேளை கெட்ட வேளையிலும் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவன் நான்; விடியும் முன்பே வெறும் வயிற்றோடு தோட்டத்துக்குப் போய்விடுவேன். சுகர் இறங்கி வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். மட்டிப்பழம் தின்றால் தெளிந்துவிடும். வலிப்பு என்று சொல்லி அதற்கு மாத்திரை தந்தவர்களும் உண்டு.

கடைசியில் திருவனந்தபுரத்தில் சேர்த்து, 72 மணி நேரம் வரை பட்டினி போட்டுப் பார்க்கும் பரிசோதனையைத் தொடங்கினார்கள். முதல் ராத்திரியே சுகர் 55-க்குக் கீழே போனது. அந்த நேரத்திலும் ரத்தத்தில் இன்சுலினும், கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது கூடவே வரும் சி-பெப்டைடும் குறையவில்லை. ஸ்கேனில் இடம் தெரிந்ததும், கணையத்தின் வாலையும் மண்ணீரலையும் சேர்த்து எடுத்தார்கள்.

அதன் பிறகு சுகர் ஏறியது. ஆபரேஷன் முடிந்த கையோடு கொஞ்சம் ஏறுவது வழக்கம்தான் என்றார்கள். எனக்கு இறங்கவே இல்லை. ஊரில் ஒரு கிளினிக்கில், கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை எழுதினார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றால் 300, விடியற்காலையில் 60. எனக்கும் வீட்டுக்காரிக்கும் தூக்கமே போயிற்று.

ஹார்மோன் டாக்டர்தான் விளக்கினார். வெட்டி எடுத்த பாகத்தோடு இன்சுலின் செல்கள் மட்டும் போகவில்லை. இறங்கும் சுகரை ஏற்றிவிடும் குளூக்ககான் செல்களும் போய்விட்டன. கணையம் பாதிக்கப்பட்டு வரும் இந்தச் சர்க்கரை நோயை டைப் 3சி என்பார்கள். மாத்திரையை நிறுத்தி, சின்ன அளவில் இன்சுலின் கொடுத்தார். மலம் எண்ணெய் மாதிரி மிதந்ததற்குச் சாப்பாட்டோடு என்சைம் கேப்சூல். அதைத் தொடங்கியதும் சாப்பாடு ஒழுங்காகச் செரித்து சுகர் கொஞ்சம் ஏறியது, இன்சுலினையும் அதற்கேற்ப மாற்றினார்.

இப்போது சுகர் பார்க்காமல் கத்தியை எடுப்பதில்லை. 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளூக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. "கிழங்கு இல்லாம என்ன சாப்பாடு மக்களே" என்று அம்மா வருத்தப்படுகிறாள். அவளுக்காக ரெண்டு துண்டு மட்டும் தின்கிறேன், மீன் கூடுதலாக.

ஆபரேஷன் விவரம் எழுதிய தாளை நகலெடுத்துப் பையிலேயே வைத்திருக்கிறேன். எந்த டாக்டரிடம் போனாலும் "கணையத்தில் வால் பாகம் எடுத்தாச்சு, மண்ணீரல் இல்லை" என்றுதான் முதலில் சொல்கிறேன். மார்த்தாண்டத்தில் பல் பிடுங்கப் போனபோதும் அதைச் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தேன்.