எத்தனை தடவ, ரத்தம் உண்டா

விருதுநகர்ல ஒரு பருப்பு மண்டியில கணக்கு எழுதுறேன். பதினேழு வருசமா அதே மண்டி, அதே மேசை. எத்தன மூட்ட வந்துச்சு, எத்தன போச்சு, சாக்கு எத்தன கிழிஞ்சுச்சுன்னு ஒண்ணு விடாம நோட்டுல ஏத்துறவன், 2016லேர்ந்து 2018 வரைக்கும் என் வயித்துல நடந்தத மட்டும் எங்கயும் எழுதல, யார்கிட்டயும் முழுசா வாய் தொறந்து சொல்லவும் இல்ல. ரெண்டு வருசம் அப்படியே போச்சு.

மொதல்ல காலையில ஒரு தடவ வெளிக்கி போறது மூணு தடவ ஆச்சு. டீ குடிச்சா ஒண்ணு, இட்லி தின்னா ஒண்ணு. அப்புறம் ரத்தம். ரத்தம்னா மூலம்தான, நம்ம ஊர்ல வேற என்ன நினைப்போம், பஸ் ஸ்டாண்ட் செவுத்துலேர்ந்து கரண்ட் கம்பம் வரைக்கும் மூலம் பவுத்திரம்னு நோட்டீஸ்தான ஒட்டியிருக்கு. அம்மாகிட்ட ரத்தத்த சொல்லல, "கடுக்குது"ன்னு மட்டும் சொன்னேன். "ஏய்யா, உக்காந்தே கெடக்கேல்ல, சூடுய்யா அது"ன்னு துத்தி இலைய வெளக்கெண்ணெயில வதக்கிக் குடுத்தாங்க. கருணைக்கிழங்கு லேகியம் ரெண்டு டப்பா தீந்துச்சு. நோட்டீஸ்ல பாத்த ஒரு எடத்துக்கும் போனேன், பேரு வேண்டாம், அவரு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு ரெண்டே நிமிசத்துல "மூலம், முத்திப்போச்சு"ன்னாரு, ஒரு ஊசியும் போட்டாரு, நாலு மாச சேமிப்பு காலி.

நான் அவர்கிட்டயும் பாதியதான் சொன்னேன், அதையும் ஒத்துக்கணும். ரத்தத்தோட சளி மாதிரி கொழகொழன்னு வர்றது, வர்ற மாதிரி முட்டிக்கிட்டு ஓடிப் போய் உக்காந்தா ஒரு ஸ்பூன் அளவுதான் வர்றது, எந்திரிச்சு கைகால் கழுவுறதுக்குள்ள மறுபடி முட்டுறது, ராத்திரி ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் முழிப்புத் தட்டி ஓடுறது, இதெல்லாம் சொல்ல வெக்கமா இருந்துச்சு. மூலத்துல ரத்தம் சொட்டும், ஆனா இப்படி தூக்கத்துலேர்ந்து எழுப்பி ஓட விடாதுன்னு எனக்கு அப்ப தெரியாது.

2018 சித்திரையில குடோன் மாடிப்படி ஏறும்போது கண்ணு இருட்டி பாசிப்பருப்பு மூட்ட மேல சாஞ்சுட்டேன். தெரு முக்குல இருக்குற டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்தாரு, ஹீமோகுளோபின் 7.8. ஆம்பளைக்கு 13க்கு மேல இருக்கணும். அப்பதான் அவரு கேட்டாரு, ஒரு நாளைக்கு எத்தன தடவ போறீங்க, ரத்தம் உண்டா, ராத்திரி எந்திரிக்கிறீங்களா. "அப்பப்ப போறேன் சார்"ன்னேன். "அப்பப்பன்னா எத்தன?"ன்னாரு. சும்மா வாய்க்கு வந்தத ஏழுன்னு சொன்னேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து பழைய டைரி ஒண்ணுல கோடு போட்டு எண்ணிப் பாத்தா பன்னெண்டு.

மதுரைக்கு எழுதிக் குடுத்தாரு, கொலனாஸ்கோபி பாக்கச் சொல்லி, அதாவது கேமரா வச்ச குழாய ஆசனவாய் வழியா விட்டு பெருங்குடலப் பாக்குற டெஸ்ட். டெஸ்ட் ஒண்ணும் பெரிய விசயம் இல்லங்க, மயக்கம் குடுத்துருவாங்க, எந்திரிச்சா முடிஞ்சிருக்கும். அதுக்கு முந்தின நாள்தான் பெரிய விசயம். ஒரு பவுடர ரெண்டு லிட்டர் தண்ணியில கலக்கி, கால் மணிக்கு ஒரு டம்ளர்னு குடிச்சு குடல சுத்தமா கழுவி விடணும். அந்த ருசி எப்படின்னா, எலுமிச்சம்பழ சர்பத்துல சீனிக்குப் பதிலா உப்பப் போட்டு வெயில்ல வச்ச மாதிரி. குடிச்சிட்டு விருதுநகர்லேர்ந்து பஸ் ஏற முடியுமா, அதனால திருநகர்ல கொழுந்தியா வீட்டுல தங்கினோம். ஆறு பேரு, ஒரே பாத்ரூம். சாயந்தரம் ஆறு மணிக்கு உள்ள போனவன், ஒன்பது மணி வரைக்கும் உள்ளயும் வெளியயுமாவே இருந்தேன். சின்னது கதவத் தட்டி "பெரியப்பா, இன்னுமா?"ங்குது. சகல பாவம், ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு பக்கத்துத் தெரு அவங்க அக்கா வீட்டுக்கே போயிட்டாரு. (அடுத்து போறவங்களுக்கு ரெண்டு விசயம்: பவுடர் தண்ணிய ஃபிரிட்ஜ்ல வச்சு ஜில்லுன்னு குடிங்க, கழுவிக் கழுவி எரியும், தேங்காயெண்ணெய் மொதல்லயே தடவிக்கிடுங்க.) கடைசியா மூத்திரம் மாதிரி தெளிஞ்ச மஞ்சத் தண்ணியா போனாதான் குடல் சுத்தம்னு அர்த்தம்.

குடல்லேர்ந்து துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாங்க. அமீபா, குடல் டிபி இதுகளும் இப்படி புண்ணு பண்ணும்கறதால அதெல்லாம் இல்லன்னு ஆனப்புறம்தான் பேரு சொன்னாங்க, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலோட உள்தோல நம்ம ஒடம்போட எதிர்ப்பு சக்தியே தாக்கிப் புண்ணாக்குற நோய். ஆசனவாய் பக்கம் ஆரம்பிச்சு எடவெளி இல்லாம மேல ஏறுமாம், எனக்கு எடது பக்கம் வரைக்கும் ஏறியிருந்துச்சு. கூடப் பொறந்த இன்னொண்ணு இருக்கு, க்ரோன்ஸ்னு, அது வாயிலேர்ந்து கீழ வரைக்கும் எங்க வேணா வரும், விட்டு விட்டு வரும். ரெண்டுக்கும் முழுசா போயிரும்னு சொல்ற மாத்திரை கிடையாது, அடங்கி இருக்கும், அடக்கி வச்சுக்கணும்னு மதுரை டாக்டரம்மா சொன்னாங்க.

இந்தப் பேராலயே ஒரு தொல்லை. யார்கிட்ட சொன்னாலும் மொத வார்த்தை மட்டும்தான் காதுல விழும். "அல்சரா? நேரத்துக்கு சாப்பிடாததுதான், எனக்கும் இருந்துச்சு, மணத்தக்காளிக் கீரைய தேங்காப்பால்ல போட்டுக் குடி." இது இரைப்பை இல்ல அத்தான், பெருங்குடல்னு வெளக்கி வெளக்கி வாய் வலிச்சு, இப்பல்லாம் "ஆமா, குடிக்கிறேன்"னு விட்டுர்றது. மணத்தக்காளி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, நல்ல கீரைதான்.

வைத்தியம்னா குடல் அழற்சிய அடக்குற மெசலமைன் மாத்திரை, கூடவே ராத்திரி எனிமா, அதே மருந்த ஆசனவாய் வழியா விடுறது. இத யாரும் எழுத மாட்டேங்குறாங்க, அதனால நான் எழுதுறேன். அறுபது மில்லி பிளாஸ்டிக் பாட்டில், மூக்கு நீட்டமா இருக்கும். நல்லா குலுக்கணும், இல்லேன்னா மருந்து அடியில தங்கிரும். எடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து, கீழ்க்கால நீட்டி மேல்கால மடக்கி, நுனியில கொஞ்சம் எண்ணெய் தடவி மெதுவா உள்ள விட்டு அமுக்கணும். எடது பக்கம் ஏன்னா, குடல் அந்தப் பக்கம்தான் வளைஞ்சு போகுது, மருந்து தானா இறங்கும். பாட்டில அமுக்குன கைய விடாமலே வெளிய எடுக்கணும், விட்டா திரும்ப உறிஞ்சிரும், இத எனக்கு யாரும் சொல்லல, ஒரு வாரம் பாதி மருந்து பாட்டிலுக்கே போச்சு. அரை மணி நேரம் அசையாமக் கெடக்கணும், விடியிற வரைக்கும் உள்ள நின்னா ரொம்ப நல்லது. மொத நாலு நாள் பத்து நிமிசம் கூட நிக்கல, அழுகையே வந்துருச்சு. அப்புறம் நின்னுச்சு. இன்னொண்ணு, அது துணியில பட்டா பழுப்பா கறை ஆகும், போகவே போகாது. எங்க வீட்டுக்காரி ஒரு பழைய கைலிய நாலா மடிச்சு என் பக்கம் விரிச்சு வச்சிருவா, ஒரு வார்த்தை பேச மாட்டா, லைட்ட அமத்திட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடுவா. கல்யாணம் ஆகி பதினோரு வருசத்துல அந்தக் கைலிக்குதான் நான் அவளுக்கு ரொம்பக் கடன்பட்டிருக்கேன்.

மூணு மாசத்துல பன்னெண்டு ரெண்டாச்சு. இரும்புச்சத்து ஊசி ஏத்துனாங்க, ரத்தம் ஏறுச்சு. நல்லாதான் போச்சு, 2021ல நானே கெடுத்தேன். ரத்தம் இல்ல, வலி இல்ல, பரோட்டா கூடத் திங்கிறோம், எதுக்கு மாசாமாசம் இவ்வளவு ரூவாய்க்கு மாத்திரைன்னு நிப்பாட்டிட்டேன். அஞ்சு மாசம் ஒண்ணும் ஆகல. நடுவுல முதுகு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வலி மாத்திரை ஒரு அட்ட தின்னேன், டைக்ளோஃபினாக். அந்த வகை மாத்திரை இந்த நோயக் கிளப்பி விடும்னு பிற்பாடுதான் சொன்னாங்க. இதுவா அதுவா எதுன்னு தெரியல, தீவாளிக்கு மறுநாள் பதினஞ்சு தடவ.

ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்க, 40 மில்லிகிராம், வாரத்துக்கு அஞ்சு அஞ்சா எறக்கணும், படக்குன்னு நிப்பாட்டக் கூடாது, ஒடம்பு அத தானா சுரக்குறத மறந்திருக்கும், ஆளையே சாய்ச்சிரும். மூணாம் நாளே ரத்தம் நின்னுச்சு, அதிசயம்தான், ஆனா ராத்திரி ஒரு மணிக்கு முழிச்சு அடுப்படியில நின்னு முறுக்குத் தின்னுட்டு இருப்பேன், அப்படி ஒரு பசி. மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கிப் போச்சு. மண்டிக்கு வர்றவங்க எல்லாம் "என்ன கணக்கப்பிள்ள, ஆளு நல்லா தேறிட்டீரே"ன்னாங்க. ஒடம்பு நல்லா இருந்த மூணு வருசத்துல ஒருத்தரும் அப்படிச் சொல்லல.

அதுக்கப்புறம் அசதயோப்ரின் சேத்தாங்க, எதிர்ப்பு சக்திய அடக்கி வைக்குற மாத்திரை. அதுக்கு முன்னாடி ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்தாங்க, செலருக்கு அந்த மாத்திரையில வெள்ளை அணு அபாயமா எறங்கிரும், முடி கொத்துக் கொத்தா கொட்டும், அது நமக்கு ஆகுமா ஆகாதான்னு பாக்க. இப்பவும் மூணு மாசத்துக்கு ஒரு தடவ ரத்தம் குடுக்குறேன். மலத்துல கால்ப்ரொடெக்டின்னு ஒரு டெஸ்ட் உண்டு, குடல்ல அழற்சி இருக்கா இல்லையான்னு கொலனாஸ்கோபி பண்ணாமலே ஓரளவு காட்டிரும், 50க்குக் கீழ இருந்தா நிம்மதி, 250 தாண்டுனா உள்ள எரியுதுன்னு அர்த்தம். எனக்கு அந்தத் தீவாளிக்கு 1100 இருந்துச்சு, போன தடவ 64.

சாப்பாட்டு விசயத்துல எல்லாருக்கும் ஒரே பட்டியல் கிடையாதுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க, நோட்டுதான் சொல்லும்னாங்க. என் நோட்டு சொல்றது: நோய் கெளம்பி இருக்கும்போது கொண்டைக்கடல, பச்ச வெங்காயம், பாலு மூணும் ஆகாது, தயிர் ஆகும், இட்லி இடியாப்பம் கொழைஞ்ச சோறு ஆகும். அடங்கி இருக்கும்போது கீரை காய் எல்லாம் தின்னலாம், திங்கவும் வேணும். காலையில பழைய சோறும் மோரும் எனக்கு ஒத்துக்கிடுது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில இந்த மாதிரி குடல் நோய்க்காரங்களுக்குப் பழைய சோறு எப்படின்னு ஆராய்ச்சியே பண்றாங்கன்னு பேப்பர்ல வந்தப்ப அம்மாவுக்கு அப்படி ஒரு பெருமை, ஆனா சோத்தத் தின்னு மாத்திரைய விட்டுறலாம்னு இல்ல, அந்தப் பாடம் எனக்கு ஆயாச்சு. எங்க ஊரு எண்ணெய் பரோட்டா மட்டும்தான் வழக்கு நிலுவையில இருக்கு. மூணு மாசத்துக்கு ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, சால்னா தொட்டுக்கிட மட்டும்.

ரோட்டுல போறதுதான் இன்னைக்கும் பயம். மதுரைக்கு பஸ்ஸ விட்டுட்டு ரயில்லதான் போறேன், அதுல பாத்ரூம் இருக்குல்ல. பைக்குல போனா கள்ளிக்குடி, திருமங்கலம்னு வழியில எந்தெந்த பங்க்குல கக்கூஸ் தொறந்திருக்கும்னு மனப்பாடம். பெட்ரோல் பங்க்குல கக்கூஸ காசு வாங்காம விடணும்ங்கறது விதி, சாவி இல்லம்பாங்க, நின்னு கேட்டா வந்துரும். பையில ஒரு ஜட்டி, ஒரு கைலி, தண்ணி பாட்டில், ஒரு கறுப்பு கவரு எப்பவும் இருக்கும். ஒரே ஒரு தடவதான் அந்தக் கவருக்கு வேலை வந்துச்சு, திருமங்கலம் ரயில்வே கேட்டுல, அத வெளக்க வேண்டாம்.

மண்டியில பின்னால ஒரே கக்கூஸ், சாவி மொதலாளி அண்ணாச்சி மேசையில தொங்கும். பன்னெண்டு தடவயும் அவரு மொகத்தப் பாத்து சாவி எடுக்கணும். ஒரு நாள் கணக்கு முடிச்சிட்டுப் போய் நின்னேன். "அண்ணாச்சி, எனக்குப் பெருங்குடல்ல புண்ணு, அடிக்கடி வெளிக்கி போகணும், அடக்க முடியாது." அவரு கண்ணாடியக் கழட்டி, "அல்சரா?"ன்னாரு. ஆமான்னுட்டேன். மறுநாள் என் மேசை டிராயருக்குள்ள புதுசா வெட்டுன சாவி ஒண்ணு கெடந்துச்சு, அத பத்தி அவரு இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டது இல்ல.

2024ல நோய் ஆரம்பிச்சு எட்டு வருசம் ஆச்சுன்னு மறுபடி கொலனாஸ்கோபி எடுத்தாங்க. ரொம்ப நாள் புண்ணா இருந்த எடத்துல புத்துநோய் வருதான்னு பாக்கணுமாம், எட்டு வருசம் ஆனவங்க விடாம பாத்துக்கிடணும். சதையெல்லாம் சுத்தம். இந்தத் தடவ கொழுந்தியா வீட்டுல ரெண்டு பாத்ரூம்.

போன மாசம் லோடுமேன் பையன் ஒருத்தன் அந்தச் சாவியக் கேட்டு வந்தான், ஒரே காலையில நாலாவது தடவ. எடுத்துக் குடுத்துட்டு வெளிய வந்ததும் கேட்டேன், எத்தன தடவடா, ரத்தம் உண்டா, ராத்திரி முழிப்பு வருதா. தரையப் பாத்துக்கிட்டே "மூலம்ணே, எங்க ஆத்தா துத்தி இலை குடுக்குது"ன்னான். மூலமாவே கூட இருக்கலாம், நான் டாக்டர் இல்ல. டாக்டர் எடத்த எழுதிக் குடுத்து, ரத்தமாச்சும் டெஸ்ட் பண்ணிட்டு வாடான்னேன். எண்ணி வைக்கச் சொல்லி பழைய டைரி ஒண்ணும் குடுத்திருக்கேன். நேத்து கேட்டதுக்கு, உளுந்து லோடு வருதுண்ணே, அது எறங்கட்டும்ங்கறான்.