தலைக்கும் பைப்புக்கும் நடுவே

காரைக்குடியில் பட்டறை போட்டு 12 வருடம் ஆகிறது. கேட், கிரில், டிராக்டர் டிரெய்லர் என்று வருகிற வேலைதான் சோறு போடுகிறது. அதற்கு முன்னால் ஆறு வருடம் கோயம்புத்தூரில், பந்தயக் கார்களைத் தயார் செய்யும் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தேன். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் கார்களும், ராலிக்குப் போகிற ஜிப்சிகளும் அங்கே வரும். ரோல் கேஜ் கட்ட அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

கேஜ் என்றால் காருக்குள்ளே பைப்பால் கட்டும் இன்னொரு எலும்புக்கூடு. வண்டி உருண்டால் கூரை அமுங்கி ஆளின் மேல் இறங்காமல் தாங்க வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவுதான் முதுகெலும்பு. உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்ஐஏ அமைப்பின்படி அது 45 மில்லி விட்டமும் 2.5 மில்லி கனமும் உள்ள பைப், இல்லையென்றால் 50-க்கு 2. மற்றவை 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. எல்லாம் தையல் இல்லாத கார்பன் ஸ்டீல். கேட் செய்கிற பைப்பில் நீளவாக்கில் ஒரு வெல்டிங் தையல் ஓடும். வளைக்கும்போது அந்த இடம் பிளந்துகொள்ள வாய்ப்பு உண்டு. ‘அதுவும் பைப்தானே அண்ணே, விலை பாதிதானே’ என்று கேட்காதவர் இல்லை. நான் அதில் கேஜ் கட்டுவதில்லை.

வேலையில் பாதி நேரம் பிரிப்பதிலேயே போய்விடும். சீட், கார்ப்பெட், கூரைத் துணி எல்லாம் வெளியே வர வேண்டும். தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டைச் சூடு காட்டிச் சுரண்ட வேண்டும், வெல்டிங் பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றி, வண்டியின் கம்ப்யூட்டரான இசியூவின் இணைப்பையும் உருவிவிட்டுத்தான் வெல்டிங் மெஷினைத் தொடுவோம். காரின் தரைத் தகடு ஒரு மில்லிகூடக் கனம் இருக்காது. கேஜின் காலை அதன் மேல் அப்படியே நிறுத்தினால், வண்டி உருண்டு விழுகிற வேகத்தில் கால் தகட்டைக் குத்திக்கொண்டு கீழே போய்விடும். அதனால்தான் காலுக்கு அடியில் குறைந்தது 3 மில்லி பிளேட், காலுக்கு மூன்று 8 மில்லி போல்ட், அதுவும் 8.8 கிரேடு.

கூரையை ஒட்டிய மூட்டுகளின் மேல்பக்கத்துக்கு வெல்டிங் டார்ச் போகாது. என் மேஸ்திரி கால் பிளேட்டுகளை வைப்பதற்கு முன்னால் கேஜ் முழுவதையும் தரைத் தகட்டில் போட்ட ஓட்டைகள் வழியே கீழே இறக்கி, மேல் மூட்டுகளைச் சுற்றிலும் வெல்டிங் செய்து முடித்து, பிறகு தூக்கி அடியில் பிளேட் கொடுப்பார். ‘கண்ணுக்குத் தெரியாத பக்கம்தான்டா முதல்ல விடும்’ என்பார்.

இத்தனையும் தெரிந்த நான்தான் ஒரு தப்பான வேலையைச் செய்தேன்.

தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர். குடும்பத்தோடு போய்வர ஒரு சின்னக் கார் வைத்திருந்தார். அவருடைய நண்பரின் வண்டி இரவில் சாலையோரப் பள்ளத்தில் உருண்டு, கூரை அமுங்கி, அந்த நண்பர் பிழைக்கவில்லை. அந்தக் கலக்கத்தில் என்னிடம் வந்தார். ‘பாதுகாப்புக்குத்தானே அண்ணே கேக்குறேன், வேகமா ஓட்டுறதுக்கு இல்லையே’ என்றார். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. நல்ல பைப், நல்ல வெல்டிங், ஆறு கால் கேஜ். கிட்டத்தட்ட 20 மீட்டர் பைப் போனது. பெரிய வளைவுப் பைப் மட்டும் மீட்டருக்கு 2.6 கிலோ வரும். பின் சீட்டை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், விட்டுவிட்டேன். பைப்புக்கு மேலே ஏசி வேலைக்காரர்கள் சுற்றுகிற கறுப்பு ஃபோமை அவரே வாங்கிச் சுற்றிக்கொண்டார்.

முதல் சங்கடம் அவருடைய அப்பத்தா வழியாக வந்தது. பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பிய அன்றைக்குப் பின்னால் ஏற முடியவில்லையாம். குறுக்குப் பைப்பைப் பிடித்துக்கொண்டு, ‘இது என்னப்பா, கூண்டு வண்டியா’ என்று கேட்டார்களாம். தம்பி போனில் சொன்னபோது நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு மாதம் கழித்து, திருப்பத்தூர் சாலையில், பக்கத்துச் சந்திலிருந்து வந்த டிராக்டர் அவர் பக்கத்துக் கதவில் இடித்துவிட்டது. பெரிய வேகம் இல்லை. கதவு ஒடுங்கியது, கண்ணாடி கொட்டியது. பெல்ட் போட்டிருந்தார். மூன்று முனை பெல்ட் இடுப்பையும் நெஞ்சையும் பிடித்துக்கொண்டது, தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. கதவுக்கு மேலே ஓடிய பைப்பில் நெற்றிப்பொட்டுக்கு மேலே போய் மோதினார். ஒன்பது தையல். அந்தப் பைப் இல்லாவிட்டால் அவ்வளவு அடிபட்டிருக்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது அந்த ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் நேராக இரும்பைத் தொட்டது. பந்தய வண்டிக்கு வருகிற பேடிங்கில் நகம் பதிவதே கஷ்டம். கட்டையாக இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் அது ஹெல்மெட் மோதுவதற்காகச் செய்தது. வெறும் தலைக்கு அதுவும் போதாது.

பந்தயக் காரில் கேஜ் தனியாக இருப்பதில்லை. தலையை இரு பக்கமும் அணைக்கிற பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட், ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் எல்லாம் சேர்ந்துதான் ஆளைக் காப்பாற்றுகின்றன. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதே ஆபத்தாக மாறும். கேஜ் இல்லாத வண்டியில் ஆறு முனை பெல்ட் மட்டும் மாட்டினால், கூரை அமுங்கும்போது ஆள் குனியக்கூட முடியாது. சீட்டோடு நிமிர்ந்து கட்டப்பட்டிருப்பார். எங்கள் பக்கத்து வளவு வீட்டில் ஓடியாடும்போது தூணில் முட்டி நெற்றி புடைக்காத பிள்ளை கிடையாது. அந்தத் தூணைத் தலைக்கு நாலு விரல் தள்ளி நட்டுவைத்து, அதோடு 60 கிலோமீட்டர் வேகத்தில் போவதை நினைத்துப் பாருங்கள்.

வண்டி உருளும்போது, பெல்ட் போட்டிருந்தாலும் உடம்பு மேலே எழும்பும். கழுத்து நீளும், கை தன்னால் வெளியே வீசும். உட்கார்ந்த நிலையில் கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி அப்போது இருக்காது. பின் சீட்டில் இருக்கும் பிள்ளைக்கு முன்னால் அந்தப் பெரிய வளைவு. திடீர் பிரேக்கில் பிள்ளையின் முகம் எங்கே போகும் என்று கட்டும்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

இப்போது வருகிற வண்டிகள் பலவற்றில் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறது. கூரை விளிம்பில் மடித்து வைத்திருப்பார்கள், கண் இமைப்பதற்குள் ஜன்னலோரம் திரைபோல இறங்கும். அது இறங்குகிற வழியில்தான் கேஜின் பைப் ஓடுகிறது. அப்படிப்பட்ட வண்டியோடு வருபவரிடம் நான் விலையே சொல்வதில்லை. சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆனால் சட்டத்தைச் சொன்னால், ‘யாருண்ணே பாக்கப் போறா’ என்பார்கள். ஒன்பது தையலைச் சொன்னால் பேச்சு நிற்கிறது.

கேஜே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோவையில் ஒரு ராலி ஜிப்சி மூன்று உருள் உருண்டு, கூரைத் தகடு சப்பையாகி வந்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் நடந்து வெளியே வந்திருந்தார்கள். அந்த வளைவில் நான் போட்ட வெல்டிங்கைத் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. அந்த வேலைக்காக எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் கண் விழிப்பேன்.

தேவகோட்டைத் தம்பியின் கேஜை நானே அறுத்து எடுத்தேன். இரண்டு நாள் ஆயிற்று. தரை ஓட்டைகளை அடைத்து, தார் ஷீட் ஒட்டி, சீட்டுகளை மாட்டி, பெல்ட் போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டேன். நல்ல டயர் போடுங்கள், பின்னால் உட்கார்கிறவர்களும் பெல்ட் போடட்டும் என்றேன். கூலி வாங்கவில்லை. அவர் என் சட்டைப்பையில் திணித்துவிட்டுப் போனதை மறுநாள் அவர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பத்தா மோர் கொடுத்தார்கள்.

போன மாதம் கானாடுகாத்தானிலிருந்து ஒருவர் பழைய ஜீப்போடு வந்தார். மேலே துணிக் கூரைதான். இரும்புக் கூரையே இல்லாத வண்டிக்கு ஒரு வளைவு இருப்பது நல்லதுதான், அதனால் சரி என்றேன். ஆனால் முதலில் ஹெல்மெட் வாங்கி வாருங்கள், அதைப் போட்டு உட்காரவைத்துத்தான் அளவெடுப்பேன், பின்னால் ஆள் ஏற்றக் கூடாது என்றும் சொன்னேன். முகம் சுருங்கிப் போனார். திரும்ப வர மாட்டார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட்டும் கையுமாக வந்து நின்றார். ஜீப்பில் உட்காரவைத்து, பெல்ட்டை இறுக்கி, பைப் வரப்போகிற இடத்தில் நூல் கட்டி, தலைக்கும் நூலுக்கும் நடுவே என் முஷ்டியை வைத்துப் பார்த்தேன். போகவில்லை. சீட்டை இறக்கணும் என்று சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன்.