அஞ்சு செகண்ட் கூட்டினேன், மூணே முக்கால் நாள் ஓடிப்போச்சு

போன வாரம் ஆர்டுயினோ ஊனோங்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டுல ஃபோர்த்ங்கிற புரோகிராமிங் மொழியை ஏத்தி ஒரு கடிகாரம் செஞ்சிட்டிருந்தேன். ஒரு நாளைக்கு 86400 செகண்ட், ஆனா நான் ஏத்தின ஃபோர்த்துல ஒரு செல்னா (ஒரு நம்பர் வைக்கிற இடம்) 16 பிட், மிஞ்சிப்போனா 65535 வரைக்கும்தான் பிடிக்கும். அதுக்கு ஒரு வழி இருக்கு, கடைசில ஒரு புள்ளி வச்சு 86400. னு அடிச்சா அதை டபுள் நம்பரா எடுத்துக்கிட்டு ஸ்டாக்குல (நம்பர்களை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற இடம்) ரெண்டு செல்லா போட்டுடும், கீழ 20864, மேல 1. அந்த 1 இருக்கே, அது ஒண்ணு இல்ல, 65536.

அது தெரிஞ்சும் மேல ஒரு 5 போட்டு சும்மா + அடிச்சேன் பாருங்க. பாவம் அந்த + க்கு என்ன தெரியும், மேல கிடக்குற ரெண்டு செல்ல எடுத்து கூட்டி வைக்கும், அவ்ளோதான். 1ம் 5ம் சேந்து 6 ஆச்சு, மொத்தமா பிரிண்ட் பண்ணா 414080! அஞ்சு செகண்டுக்குப் பதிலா அஞ்சு 65536 கூடிடுச்சு, கிட்டத்தட்ட மூணே முக்கால் நாள். எர்ரர் இல்ல, வார்னிங் இல்ல, நான் அரை மணி நேரம் போர்டைத் திட்டிட்டு இருந்தேன்.

முறைப்படி 5ஐ எஸ்>டி போட்டு டபுளாக்கிட்டு அப்புறம் டி+ போடணும். காப்பி எடுக்கவும் டூப் போட்டா பாதி நம்பர்தான் வரும், 2டூப் வேணும். எஸ்>டி எதுக்கு, மேல ஒரு 0 வச்சா போதாதான்னு சோம்பேறித்தனமும் பண்ணிப் பாத்தேன், 5க்கு ஓகே, ஆனா -5க்கு மேல 0 வச்சா அது 65531 ஆயிடுது, ஏன்னா மைனஸ்னா மேல -1 இருக்கணும், எஸ்>டி அதைத்தான் செய்யுது.

ஜாவா புரோகிராமை ஓட்டுற மெஷினும் ஸ்டாக்தான், அங்கயும் லாங், டபுள்ங்கிற பெரிய நம்பர் வகை ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு ஸ்லாட் கணக்கு. ஆனா லாங்குல பாதியை மட்டும் பாப் பண்ணப் பாத்தா கோடை ஓட்டுறதுக்கு முன்னாடி சரிபாக்குற வெரிஃபையர் பிடிச்சு நிறுத்திடும். ஃபோர்த்துல அப்படி யாரும் கிடையாது, எது சிங்கிள் எது டபுள்னு நாமதான் ஞாபகம் வச்சுக்கணும். எனக்கு இதான் பிடிச்சிருக்கு, கடுப்பாவும் இருக்கு.

நம்ம ஊர் டைமுக்கு உலகப் பொது நேரமான யூடிசியோட ஐந்தரை மணி நேரம் கூட்டணும், 19800 செகண்ட், எஸ்>டி போட்டு கூட்டி கடிகாரம் சரியா ஓடுது. இப்ப பிரிஸ்பேன்ல இருக்குற தங்கச்சி தனக்கும் ஒண்ணு வேணுங்கிறா. அங்க பத்து மணி நேரம், 36000. மைனஸும் சேத்து எண்ணும்போது ஒரு செல்லுல பிளஸ் நம்பர் 32767 வரைக்கும்தான், 36000 அதைத் தாண்டுறதால எஸ்>டி அதை மைனஸ்னு நினைச்சுக்கும், அவளுக்கு மட்டும் அந்த சோம்பேறி 0தான் கரெக்ட்.